காரைக் கழுவுவது நுரை அல்ல

கார் வாங்கிய வீட்டில் அடுத்து வாங்கவேண்டியது பிரஷர் வாஷர் என்பது இன்று யாரும் கேள்வி கேட்காத கருத்தாகிவிட்டது. கூடவே, அதன் முனையில் மாட்டும் ஃபோம் கேனன். காரின் மேல் வெள்ளை வெளேரென்று நுரையைப் போர்த்து, ஐந்து நிமிடம் ஊறவிடு, தண்ணீரைப் பீய்ச்சு, அழுக்கு தானாக வழிந்துவிடும் என்கிறார்கள். கை படாததால் பெயின்ட்டில் கீறல் விழாதாம். நுரை எவ்வளவு கெட்டியோ அவ்வளவு சுத்தமாம். வாளியும் துணியுமாகக் கழுவுவது அந்தக் காலத்துப் பழக்கமாம். கடைக்காரர் இதைத்தான் சொல்கிறார், காணொளிகள் இதைத்தான் காட்டுகின்றன, பார்க்கிங்கில் நின்று பேசும் பக்கத்து வீட்டுக்காரரும் இதையேதான் சொல்கிறார்.

இந்தக் கருத்து தவறு. மாடித் தொட்டியையும் போர்வெல்லையும் நம்பி வாழும் நம் ஊர் வீடுகளுக்கு முதலில் வாங்கவேண்டியது இரண்டு லிட்டர் கொள்ளும் கை பம்ப் நுரைத் தெளிப்பான். பெரும்பாலானவர்களுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

மறுப்பதற்கு முன் எதிர்த்தரப்பின் நியாயத்தை முழுதாகச் சொல்லிவிட வேண்டும். காரின் பெயின்ட்டில் தெரியும் மெல்லிய வட்டக் கீறல்களில் பெரும்பாலானவை கழுவும்போதும் துடைக்கும்போதும் நாமே போட்டவை. நிறத்துக்கு மேல் இருக்கும் கிளியர் கோட் பூச்சின் தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. அதன் மேல் மணல் துகளை வைத்துத் துணியால் இழுத்தால் கோடு விழத்தான் செய்யும். ஆகவே கை வைப்பதற்கு முன்பே தூசியையும் மணலையும் இளக்கி இறக்கிவிட வேண்டும் என்பது சரியான கொள்கை. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவதைவிடப் பிரஷர் வாஷருக்குத் தண்ணீர் குறைவாகவே பிடிக்கும் என்பதும் சரி. சக்கரத்துக்கு மேல் உள்ள குழிவில் அப்பிக் காய்ந்த சேற்றை வாளித் தண்ணீரால் எடுப்பது கஷ்டம் என்பதும் சரி. இந்த மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இவற்றிலிருந்து, கெட்டி நுரை வேண்டும், அதற்குக் கேனன் வேண்டும், கேனன் இருந்தால் கை வைக்கவே வேண்டாம் என்ற முடிவுக்குத் தாவுகிறார்களே, அங்கேதான் என் மறுப்பு தொடங்குகிறது.

1. கெட்டி நுரைக்கும் சுத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? நுரையில் பெரும்பகுதி காற்று. அழுக்கில் வேலை செய்வது குமிழிகளின் சுவரில் இருக்கும் ஷாம்பு கரைசல் மட்டுமே. எண்ணெய்ப் பசையைப் பெயின்ட்டிலிருந்து விடுவித்துத் தண்ணீரோடு போகவைக்கும் வேதிப்பொருள்களில் சில நன்றாக நுரைக்கும், சில நுரைக்கவே செய்யாது. அழுக்கெடுக்கும் திறன் ஒன்று, நுரைக்கும் குணம் வேறொன்று. முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்கென்று தனியாக விற்கும் பவுடர், வேண்டுமென்றே குறைவாக நுரைக்கும்படி தயாரிக்கப்படுகிறது. அதில் துவைத்த சட்டையை யாரும் அழுக்குச் சட்டை என்று சொல்வதில்லை.

நுரைக்கு ஒரே ஒரு உண்மையான பயன் உண்டு. செங்குத்தான கதவின் மேல் ஊற்றிய கரைசல் சில நொடிகளில் கீழே ஓடிவிடும். நுரையாக இருந்தால் மூன்று நான்கு நிமிடம் ஒட்டி நிற்கும். அந்த நேரத்தில்தான் காய்ந்த தூசி ஊறுகிறது. ஆனால் ஷேவிங் கிரீம் பதத்துக்கு நுரை கெட்டியாகிவிட்டால் அது நின்ற இடத்திலேயே நிற்கும். அழுக்கை இழுத்துக்கொண்டு இறங்காது. கொஞ்சம் நீர்த்த நுரை கூரையிலிருந்து கண்ணாடிக்கு, கண்ணாடியிலிருந்து கதவுக்கு மெல்ல வழிந்தபடியே மணலையும் கூட்டிச் செல்லும். கை பம்பிலிருந்து வருவது அந்த நுரைதான். 'தண்ணியாக இருக்கிறது' என்று அதைக் குறை சொல்பவர்கள், அது செய்யவேண்டிய வேலைக்கு ஏற்ற பதத்தையே குறை சொல்கிறார்கள்.

இன்னொன்று. ரோட்டோர வாட்டர் சர்வீஸ் கடையில் பார்த்த நுரையை வீட்டில் எதிர்பார்த்துத்தான் பலர் கேனன் வாங்குகிறார்கள். அங்கே நுரை வருவது கம்ப்ரசரோடு இணைத்த பெரிய இரும்புத் தொட்டியிலிருந்து. கரைசலுக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தி உண்டாக்கும் நுரை அது. வீட்டு வாஷரில் அந்தக் காற்று கிடையாது. கிடைக்காத கெட்டியைத் தேடி ஷாம்பின் அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். கேனன் புட்டியில் ஒரு லிட்டருக்கு 100 மில்லி ஷாம்பு கலக்கிறோம் என்று வையுங்கள். கேனன் அதை மேலும் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து வெளியே தள்ளினால், காரின் மேல் விழுவது ஒரு சதவீதக் கரைசல். கை பம்பில் நாம் கலந்ததே நேராகக் காரில் விழுகிறது. அதே ஒரு சதவீதத்துக்கு ஒன்றரை லிட்டரில் 15 மில்லி போதும்.

2. தொடாமலே கழுவ முடியும் என்பது உண்மையா? இதற்கு என் வார்த்தையை நம்ப வேண்டாம். நுரை போட்டு, ஐந்து நிமிடம் விட்டு, எத்தனை பார் அழுத்தத்திலும் தண்ணீர் அடித்துக் கழுவிய காரின் பின்கதவில் ஒரு வெள்ளைப் பருத்தித் துணியை வைத்து லேசாக ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். நகரத்தில் ஓடும் காராக இருந்தால் துணியில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை வரும். டீசல் புகைக்கரி, டயர் தேய்ந்த தூள், பிரேக் தூசி, சாலை எண்ணெய் எல்லாம் கலந்து பெயின்ட்டோடு ஒட்டிக்கொண்ட மெல்லிய படலம் அது. மேலே உதிரியாகக் கிடக்கும் மண் தண்ணீருக்குப் போகும்; இந்தப் படலம் போகாது. வெறும் தண்ணீரும் மென்மையான ஷாம்பும் இதை எடுக்காது, கை வைத்துத் தேய்த்தால்தான் வரும்.

தொடாமல் கழுவும் இயந்திரக் கூடங்கள் வெளிநாடுகளில் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. கை செய்யவேண்டிய வேலையை அங்கே கடுமையான காரமும் அமிலமும் செய்கின்றன. அவை பெயின்ட் மேல் பூசிய வாக்ஸையும் சேர்த்தே கரைத்துவிடும். வீட்டுக்கென்று விற்கும் ஷாம்பு கார அமிலச் சமநிலையில், பி.எச். 7-ஐ ஒட்டி இருக்கும். இருக்கவும் வேண்டும். அதை வைத்துக்கொண்டு தொடாத கழுவலை எதிர்பார்ப்பது நடக்காத காரியம்.

ஆக, எந்தக் கருவி வாங்கினாலும் கடைசியில் கை வைத்தே ஆகவேண்டும். அப்படியானால் கீறலைத் தீர்மானிப்பது நுரைக் கருவி அல்ல, கையில் இருக்கும் துணி. அபார்ட்மென்ட்களில் காலையில் கார் துடைக்க வருபவர்களுக்கு ஒரு வாளியும் ஒரு துணியும்தான் கொடுக்கப்படுகின்றன. அதே துணியால், அதே தண்ணீரில் முக்கிப் பிழிந்து, வரிசையாக நிற்கும் எல்லா கார்களையும் துடைக்க வேண்டிய நிலை அவர்களுடையது. முதல் காரின் மணல் கடைசிக் காருக்குப் போகிறது. கறுப்பு காரின் பானட்டில் உச்சி வெயில் படும்போது தெரிகிற வட்டக் கோடுகள் அங்கேதான் பிறக்கின்றன. அந்தக் காருக்கு வாரம் ஒருமுறை ஃபோம் கேனனால் நுரை போர்த்தினாலும், மற்ற ஆறு நாளும் இந்தத் துணி படுகிறவரை கீறல் நிற்காது. கேனனுக்குச் செலவழிக்க நினைத்த பணத்தில் ஒரு பகுதியைச் செலவழித்து, துடைக்க வருபவருக்கு நம் காருக்கென்று நான்கு மைக்ரோஃபைபர் துணிகள் வாங்கிக் கொடுத்தால் பெயின்ட் பிழைக்கும்.

3. நம் வீட்டுக் குழாயில் அழுத்தம் எங்கே இருக்கிறது? பிரஷர் வாஷர் வேண்டாம் என்பவர்களுக்கு, தோட்டக் குழாயிலேயே மாட்டும் நுரைத் துப்பாக்கி என்ற ஒன்றை விற்கிறார்கள். நம் ஊருக்கு இதைவிடப் பொருந்தாத கருவி கிடையாது. வீட்டுக் குழாயில் பொதுவாக 3, 4 பார் அழுத்தத்தில் தண்ணீர் வரும் நாடுகளில் உருவான கருவி அது. நம் வீட்டில் தண்ணீர் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தன் எடையால் இறங்குகிறது. பத்து மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஒரு பார் என்பது கணக்கு. தரைத்தளமும் ஒரு மாடியும் உள்ள வீட்டில், வாசல் குழாய்க்கும் தொட்டித் தண்ணீருக்கும் இடையே எட்டு மீட்டர் இருந்தால் அதிகம். 0.8 பார். ஹோஸ் வழியாக வருவதற்குள் அதிலும் கொஞ்சம் குறையும். அந்தத் துப்பாக்கி இந்த அழுத்தத்தில் சோப்புத் தண்ணீரைத்தான் துப்பும்.

பிரஷர் வாஷருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. பெட்டியின் மேல் 130 பார், 150 பார் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது அதன் உச்ச அழுத்தம். நுரைக்கு அதைவிட முக்கியமான எண், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்பது. வீட்டு வாஷர்கள் பெரும்பாலும் ஐந்தரை முதல் ஏழு லிட்டர் வரை தள்ளுகின்றன. கேனனுக்குள் தண்ணீர் நுழையும் துளை 1.25 மில்லிமீட்டரா 1.1 மில்லிமீட்டரா என்பதைப் பொறுத்து அந்த ஓட்டத்துக்கு நுரை வரும் அல்லது வராது; ஓட்டம் குறைந்த வாஷருக்குச் சிறிய துளைதான் சரி. விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. வாங்கியவர் நுரை வரவில்லையென்று இன்னும் விலை அதிகமான ஷாம்பை வாங்குகிறார். குழாயில் வரத்து போதாமல் போனால் வாஷரின் பம்ப் காற்றைக் குடித்து ஓடும். சீல்கள் சீக்கிரம் போய்விடும்.

கை பம்புக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அழுத்தத்தை நம் கை உண்டாக்குகிறது. தொட்டி எத்தனை உயரத்தில் இருந்தால் என்ன, குழாயில் தண்ணீர் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன.

4. மின்சாரத்தை ஏன் யாரும் பேசுவதில்லை? 1,800 வாட் வாஷர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 7.8 ஆம்பியர் இழுக்கும். போர்ட்டிகோவிலும் பார்க்கிங்கிலும் இருப்பது பெரும்பாலும் 6 ஆம்பியர் சாக்கெட். அதில் ஒரு மெல்லிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகி, ஈரத்தரையில் இழுத்துப்போட்டு, வெறுங்காலோடு நின்று கார் கழுவுவது உயிரோடு விளையாடுவது. 16 ஆம்பியர் பாயின்ட்டும் மின்கசிவைத் துண்டிக்கும் பிரேக்கரும் இல்லாத இடத்துக்கு இந்தக் கருவியைச் சிபாரிசு செய்யவே கூடாது.

5. தண்ணீர் மிச்சம் என்கிறீர்களே, எதோடு ஒப்பிட்டு? திறந்துவிட்ட ஹோஸோடு ஒப்பிட்டால் மிச்சம்தான். ஆனால் நம் வீடுகளில் கார் கழுவுவது ஹோஸால் மட்டும்தானா? நிமிடத்துக்கு ஆறு லிட்டர் ஓடும் வாஷரால் முதலில் நனைத்து, நுரை அடித்து, அதைக் கழுவி, கை வைத்த பிறகு மறுபடியும் கழுவினால் மொத்தம் 12 நிமிடம் ஓடும் என்று வைத்தாலும் 72 லிட்டர். தெளிப்பானில் ஒன்றரை லிட்டர், வாளிக்குப் பதினைந்து லிட்டராக இரண்டு வாளி, கடைசியாக ஊற்ற இன்னொரு வாளி என்றால் 50 லிட்டருக்குள் ஒரு சிறிய கார் முடிந்துவிடும். வாரந்தோறும், ஒரு தெருவில் உள்ள அத்தனை கார்களுக்கும் என்று பெருக்கிப் பார்த்தால் இந்த வித்தியாசம் லாரிக் கணக்கில் போகும்.

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, சென்னை காலிக் குடங்களோடு லாரிக்குக் காத்திருந்தது. 2024 மார்ச்சில் பெங்களூருக் குடிநீர் வாரியம், குடிநீரால் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. ஊருக்கு அப்படி ஒரு கோடை மறுபடி வரும். அன்றைக்கு 72 லிட்டர் கேட்கும் கருவி மூலையில் கிடக்கும்; ஒன்றரை லிட்டர் கேட்கும் கருவி வேலை செய்யும்.

6. எந்தத் தண்ணீரால் கழுவுகிறீர்கள்? கருவியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுபவர்கள் இதைக் கேட்பதே இல்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுக்கலாம் என்கிறது. பல போர்வெல்களின் உப்புத் தண்ணீர் இந்த எல்லைகளைத் தாண்டியது. வாளியின் உள்விளிம்பிலும் குழாய் முனையிலும் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தாலே தெரியும். அதே தண்ணீர் சூடான பானட்டில் சொட்டாக நின்று காய்ந்தால், ஒவ்வொரு சொட்டும் ஒரு சுண்ணாம்பு வட்டத்தை விட்டுப் போகும். நாள்பட்டால் அது கிளியர் கோட்டை அரித்துத் தடம் பதிக்கும். பாலிஷ் போட்டுத்தான் எடுக்கவேண்டியிருக்கும். கேனனின் உள்ளே நுரையை உண்டாக்குவது நெருக்கமாகச் சுருட்டிய சிறிய கம்பிவலை உருளை. உப்புத் தண்ணீரில் அதுவும் மெல்ல அடைத்துக்கொள்ளும். நாளாக ஆக நுரை நீர்த்துப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கை பம்பின் பெரிய பலம் இங்கேதான் இருக்கிறது. அதற்கு வேண்டியது ஒன்றரை லிட்டர். அந்த அளவுக்கு நல்ல தண்ணீரை எந்த வீட்டிலும் தேடிப் பிடிக்கலாம். ஏ.சி. குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இருக்காது. ராத்திரி ஒரு வாளியை வைத்தால் காலையில் தெளிப்பானுக்கும் கடைசி அலசலுக்கும் ஆகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீர் இருக்கிறது. 72 லிட்டருக்கு இப்படித் தேட முடியுமா? பிரஷர் வாஷர் வாங்கியவர் போர்வெல் தண்ணீரைத்தான் அடித்தாக வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு: ஆர்.ஓ. மெஷின் கழிக்கும் தண்ணீரைக் கார் கழுவப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். சக்கரத்துக்கும் முதல் நனைப்புக்கும் அது சரி. கடைசி அலசலுக்குக் கூடவே கூடாது. வடிகட்டித் தள்ளிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

7. அந்த நுரை எங்கே போகிறது? தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. பல தனி வீடுகளில் வாசல் கேட்டின் குறுக்கே துளையிட்ட சிலாப் போட்ட ஒரு கால்வாய் இருக்கும். முற்றத்தில் ஓடும் தண்ணீர் தெருவுக்குப் போகாமல் அதில் விழுந்து, உறிஞ்சு குழிக்குப் போய், நிலத்தடிக்கு இறங்கும். கார் கழுவும் போர்ட்டிகோவின் சரிவும் அந்தக் கால்வாயை நோக்கித்தான். 100 மில்லி ஷாம்பும், காரிலிருந்து வந்த எண்ணெயும் கரியும் வாரந்தோறும் நம் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் போகின்றன. கால்வாய் இல்லாத வீட்டில் அது மழைநீர் வடிகால் வழியே ஆற்றுக்குப் போகிறது. 15 மில்லியும் ஒரு தீங்குதான். ஆனால் 100-ஐவிடக் குறைவான தீங்கு. முற்றத்தில் ஒரு மூலையில், கால்வாய்க்கு எதிர்ப்பக்கம் மண் தரையோரம் நிறுத்திக் கழுவ முடிந்தால் இன்னும் நல்லது.

கேனன் யாருக்குமே வேண்டாமா? சிலருக்கு வேண்டும். தோட்டத்துக்கும் சைட்டுக்கும் தினமும் மண் சாலையில் போய்வருபவர், உயரமான ஏழு சீட் வண்டி வைத்திருப்பவர், 16 ஆம்பியர் பாயின்ட்டும் உப்பில்லாத தண்ணீரும் உள்ளவர், இவர்களுக்கு அது நல்ல கருவி. அவர்களும் முனையைப் பெயின்ட்டிலிருந்து ஒரு அடிக்குக் குறையாமல் தள்ளிப் பிடிக்க வேண்டும். ரீபெயின்ட் செய்த பம்பரில் கிட்டே வைத்து அடித்தால் பெயின்ட் உரிந்து வரும். மாருதியோ ஹூண்டாயோ ஒரு ஹேட்ச்பேக்கை வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கும் கோயிலுக்கும் போய்வரும் குடும்பத்துக்கு இந்தச் செலவு அநாவசியம்.

கை பம்ப் வாங்கும்போது பார்க்கவேண்டியவை அதிகமில்லை. பாதுகாப்பு வால்வு இருக்கிறதா, அதை இழுத்து மீதி அழுத்தத்தை வெளியேற்ற முடிகிறதா என்று பாருங்கள். விசையை அழுத்தியபடியே பூட்ட வசதி இருந்தால் விரல் வலிக்காது. நுரை முனைக்குள் இருக்கும் வலையைக் கழற்றிக் கழுவ முடிய வேண்டும். உதிரி ரப்பர் வளையங்கள் கிடைக்கிறதா என்று கேளுங்கள், ஏனென்றால் முதலில் போவது அவைதான். செடிக்கு மருந்தடிக்கும் தெளிப்பானில் நுரை வலை இருக்காது, அது இதற்கு ஆகாது. இரண்டு லிட்டர் புட்டியில் ஒன்றரைக்கு மேல் ஊற்றாதீர்கள். காற்றுக்கு இடம் இருந்தால்தான் அழுத்தம் நிற்கும். நடுவில் இரண்டொரு தடவை மறுபடி பம்ப் அடிக்கவேண்டி வரும். அதைக் கஷ்டம் என்பவர்கள், வாஷரை வெளியே எடுத்து, ஒயரும் ஹோஸும் மாட்டி, முடிந்ததும் வடித்துச் சுற்றி உள்ளே வைக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வெயில் ஏறுவதற்கு முன், பானட் சூடில்லாதபோது, நிழலில் நிறுத்தித் தொடங்குங்கள். முதலில் தண்ணீர் ஊற்றித் தளர்ந்த மண்ணை இறக்குங்கள். நுரையைக் கீழிருந்து மேலாக அடியுங்கள்; அழுக்கு அதிகமுள்ள கதவின் அடிப்பாகம் அதிக நேரம் ஊறும். நம் வெயிலுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் விட்டால் நுரை காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு மக் தண்ணீரால் அதை அலசிவிட்டு, ஒரு வாளியில் ஷாம்பு தண்ணீர், இன்னொரு வாளியில் வெறும் தண்ணீர் என்று வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழாக மைக்ரோஃபைபர் கையுறையால் அழுத்தாமல் கழுவுங்கள். ஒவ்வொரு கதவு முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிய பிறகே ஷாம்பு வாளிக்குப் போக வேண்டும். கடைசி வாளித் தண்ணீர் உப்பில்லாததாக இருக்கட்டும். உடனே துடைத்துவிடுங்கள்.

பிரஷர் வாஷருக்கு ஆர்டர் போடுவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்: போர்ட்டிகோவில் இருப்பது எத்தனை ஆம்பியர் சாக்கெட், தொட்டி எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது, வாளியின் விளிம்பில் வெள்ளை படிந்திருக்கிறதா. மூன்றும் சாதகமாக இல்லையென்றால், அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.